ஆளே இல்லாத பேருந்தில் உட்கார இடமில்லை

ஓசூருக்கு வந்து எட்டு வருடம் ஆகிவிட்டது. சொந்த ஊர் மதுரைப் பக்கம். போன மாதம் கம்பெனி கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, புதிதாகச் சேர்ந்த திருநெல்வேலி நண்பர் ஒருவர், "இந்தக் கிருஷ்ணகிரி மாவட்டம் எப்படி இருக்கும்?" என்று கேட்டார். "பெங்களூர் போகிற ரோடு நல்லா இருக்கும்" என்றேன். சொன்ன வாய்க்கு ஒரு அடி போட்டிருக்கலாம். எட்டு வருடம் ஒரு மாவட்டத்தில் சோறு தின்றவன் சொல்லும் பதிலா இது?

அதனால்தான் இந்தப் பயணம். பொங்கல் முடிந்த அடுத்த வாரம், புதன்கிழமை, எனக்கு வார விடுமுறை. மாவட்டத்தின் மேல் கோடியான ஓசூரிலிருந்து கீழ்க் கோடியான ஊத்தங்கரைப் பக்கம் வரை, முழுக்க அரசுப் பேருந்தில். பைக்கில் போகலாமே என்றாள் மனைவி. பைக்கில் போனால் குழியைப் பார்ப்பேனா, ஆளைப் பார்ப்பேனா?

காலை ஆறரைக்கு ஓசூர் பேருந்து நிலையம். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய தொள்ளாயிரம் மீட்டர் உயரம் என்பதை அந்த நேரத்துக் குளிர் நன்றாகவே சொல்லிக்கொடுக்கிறது. ஸ்வெட்டர் கட்டாயம். டீக்கடைக்காரர் கன்னடத்தில் "எத்தனை" என்றார், மாஸ்டரிடம் தெலுங்கில் சொன்னார், சில்லறை இல்லாத என்னைத் தமிழில் திட்டினார். மூன்றும் அவருக்குத் தாய்மொழி போலத்தான் இருந்தது. சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. தேனி, விருதுநகர், அரியலூர் என்று ஆளுக்கொரு பேச்சு. எங்கள் யாருக்கும் ரேஷன் கார்டு இங்கே இல்லை, ஓட்டும் இல்லை. இருக்கிறோம், ஆனால் எண்ணிக்கையில் இல்லை. அப்போது அது எனக்கு ஒரு வேடிக்கையாகத்தான் தோன்றியது.

கிருஷ்ணகிரிக்கு ஐம்பது கிலோமீட்டர். நான் கொடுத்தது ஐம்பது ரூபாய், வண்டிக்கு வண்டி மாறும். இடது பக்க சன்னல் இருக்கை கிடைத்தால் விடாதீர்கள். சூளகிரி வரை பசுமைக் குடில்கள், தக்காளி, கொத்தமல்லி. மேலுமலை வந்ததும் சாலை சரசரவென்று கீழே இறங்குகிறது. காது லேசாக அடைக்கும். இறங்கி முடித்தால் ஸ்வெட்டரைக் கழற்றத் தோன்றும். மண் சிவந்து, பாறைக் குன்றுகள் தலைகாட்டி, மாந்தோப்புகள் ஆரம்பித்துவிடும். சும்மா சொல்லக்கூடாது, பூத்து நின்ற மாமரங்களைப் பார்த்ததும் மனசு நிறைந்துபோனது.

கிருஷ்ணகிரியில் இட்லி, வடை. அங்கிருந்து ஊத்தங்கரைக்கு இன்னொரு ஐம்பது கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். ஊத்தங்கரையில் வெயில் நெற்றியைப் பொசுக்கியது. அதே மாவட்டம், அதே நாள்! அங்கே வண்டி மாறி, பன்னிரண்டு மணிக்குள் கல்லாவி வந்து சேர்ந்தேன். பெரிய கிராமம், நல்ல கடைத்தெரு. பயணத்தை அங்கேயே முடித்திருக்க வேண்டியவன்தான். ஆனால் பன்னிரண்டே முக்காலுக்கு ஒரு டவுன் பஸ் உள்ளே ஒரு சின்ன ஊருக்குப் போகிறது என்றார்கள். ஒன்பது கிலோமீட்டர், பத்து ரூபாய். ஏறிவிட்டேன். அந்த ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று அங்கே கேட்டுக்கொண்டார்கள், காரணம் போகப் போகப் புரியும்.

பேருந்தில் உட்கார இடமில்லை. எல்லாம் பெண்கள். சந்தைக் கூடை, பால் கேன், மாட்டுத் தீவன மூட்டை. கம்பியைப் பிடித்துக்கொண்டு பத்து ரூபாயை நீட்டினேன். கண்டக்டர் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு, "இந்த ட்ரிப்புக்கு மொத டிக்கெட் நீங்கதாங்க. கடைசி டிக்கெட்டும் நீங்கதான்" என்றார்.

"இத்தனை பேர் இருக்காங்களே?"

"லேடீஸுக்கு ப்ரீ தானுங்க."

"ப்ரீனாலும் டிக்கெட் கொடுக்கணும்ல?"

அவர் சிரித்து மழுப்பினார். டிக்கெட் மெஷின் தோளில் தொங்கிக்கொண்டு சும்மா கிடந்தது. எனக்கென்ன வந்தது என்று சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஊர் என்றால் ஒரு புளியமரம், ஒரு தண்ணீர்த் தொட்டி, இரண்டு தெரு. பாதி வீடுகளில் பூட்டு. ஆண்கள் பெங்களூரில் கட்டட வேலை, சிலர் ஓசூரில் கம்பெனி. ஆனால் பூட்டின வீட்டு வாசலிலும் கோலம் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி போட்டுவிடுவாளாம். ஒன்றேகாலுக்கு வந்த வண்டி பத்து நிமிடம் நின்று திரும்புகிறது. திரும்பும்போதும் கூட்டம். கடைசியாக ஒரு பெண் படியில் ஏறி நின்றாள், கழுத்தில் கம்பெனி அட்டை, முப்பது வயதிருக்கும். பெயர் சுமதி. ஏறியதும் உரக்கச் சொன்னாள்:

"இன்னைக்கு யாரும் டிக்கெட் வாங்காம எறங்கக் கூடாது. சொல்லிட்டன்!"

கண்டக்டர் முகம் மாறிவிட்டது. பேருந்தில் சலசலப்பு. அவரைக்காய்க் கூடையோடு உட்கார்ந்திருந்த முனியம்மா என்கிற பெண்மணி, "காசு குடுக்காம போறோம், அதுல டிக்கெட் வேற எதுக்குடி? அந்தப் புள்ள கூட்டத்துல பூந்து பூந்து கிழிச்சுக் குடுக்கணும், பாவம்" என்றார்.

"பாவம் பாத்துத்தான் இந்த நெலமைக்கு வந்துக்கிறோம். நேத்து டிப்போவுக்குப் போயி கேட்டன். அடுத்த மாசத்துலருந்து இந்த ட்ரிப்ப நிறுத்துறாங்களாம். ஏன்னு கேட்டா, பஸ்ல ஆளே இல்லையாம். மெஷினுல ரெண்டு பேரு, மூணு பேருன்னுதான் காட்டுதாம். அப்ப நாமெல்லாம் யாரு? பேயா?"

எனக்கு விஷயம் அப்போதுதான் உறைத்தது. இலவசம் என்று வந்த நாளிலிருந்து, சும்மா போகிறோமே என்ற கூச்சத்தில், "உடுப்பா, எங்களுக்கு எதுக்கு" என்று இவர்களே கையை ஆட்டியிருக்கிறார்கள். நாலு முறை கேட்டுப் பார்த்த கண்டக்டரும், தினமும் பார்க்கிற முகங்கள்தானே என்று விட்டுவிட்டார். வருகிறவர்கள் எல்லாரும் மரியாதைக்காரர்கள். அந்த மரியாதையே ஒரு ஊரைக் கணக்கிலிருந்து துடைத்துவிட்டது.

"தப்பு என்னுதுதான்க்கா" என்றார் கண்டக்டர். "குடுத்துடறன்."

மெஷின் கரகரவென்று ஓட ஆரம்பித்தது. எனக்குப் பக்கத்தில் வந்து நின்ற சுமதியிடம், வண்டி நின்றுபோனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"போச்சம்பள்ளி பக்கம் கம்பெனிங்க எனக்கு. ரெண்டு மணிக்கு அவுங்க வேன் கல்லாவிக்கு வரும். ராத்திரி ஊரு வரைக்கும் கொண்டாந்து உட்டுடுவாங்க, போறதுக்குத்தான் இந்த பஸ்ஸு. எங்க தெருவுல கம்பெனி வேலைக்குப் போற மொத பொம்பள நானு. எப்படா நிக்கும்னு எங்க மாமியா காத்துக்கினு இருக்குது" என்று சொல்லிச் சிரித்தாள். கண் சிரிக்கவில்லை.

கல்லாவி வந்தபோது பாதிப் பேருக்குத்தான் டிக்கெட் ஆகியிருந்தது. அந்த நேரம் பார்த்து மெஷினில் காகித ரோல் தீர்ந்துபோனது. அவ்வளவு டிக்கெட்டை அது எந்த நாளில் பார்த்தது? கண்டக்டர் பையைத் துழாவிப் புது ரோல் தேடுகிறார். எதிரே கம்பெனி வேன் வந்து நின்று ஹாரன் அடிக்கிறது.

"நீ போடி, வேன் போயிடும்!" என்று முனியம்மா கத்தினார்.

"நான் போனா நீங்கல்லாம் எறங்கிப் போயிடுவீங்க" என்று சுமதி படியை மறித்து நின்றாள்.

ஹாரன் மறுபடியும். இறங்கி ஓடி வேன் டிரைவரிடம், "ஒரே நிமிஷம்ணே, அந்த அம்மா வந்துக்கிட்டு இருக்காங்க" என்று கும்பிடாத குறையாகக் கேட்டேன். திரும்பிப் பார்த்தால், முனியம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, சுமதியை ஓரமாகத் தள்ளி, அவள் இடத்தில் தானே படியில் நின்றுகொண்டிருந்தார். "இனிமே நான் பாத்துக்கறன். யாரு எறங்குறாங்கன்னு பாக்கறன். ஏம்பா, மொத டிக்கெட் இவளுக்குக் குடு!"

புது ரோலின் முதல் டிக்கெட்டோடு சுமதி ஓடிவந்து வேனில் ஏறினாள்.

இனி போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஓசூரிலிருந்து காலை ஆறரைக்குக் கிளம்பினால் இருட்டுவதற்குள் கிருஷ்ணகிரிக்காவது திரும்பிவிடலாம். ஸ்வெட்டரும் வேண்டும், குடையும் வேண்டும். கல்லாவிக்கு அப்பால் சாப்பாட்டுக் கடை கிடையாது, கையில் கட்டிக்கொண்டு போங்கள். மாவட்டத்தின் நீள அகலம் எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடைக்கும். எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டுமானால் டவுன் பஸ்ஸில் ஏறி, நீங்களே தலைகளை எண்ணிக்கொள்ளுங்கள்.

நிறுத்துவதாகச் சொன்ன மாதம் பிறந்து ஒரு வாரம் கழித்து, மனசு கேட்காமல் மறுபடியும் போனேன். பன்னிரண்டே முக்கால் வண்டி வந்தது. அதே கூட்டம், அதே கம்பி. கண்டக்டர் பின்பக்கம் நெரிசலில் மாட்டிக்கொண்டிருந்தார். முன் சீட்டிலிருந்து முனியம்மா திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். ஆள் அடையாளம் தெரியவில்லை போலும்.

"ஏங்க, டிக்கெட் எடுத்தீங்களா இல்லையா?"