வேனில் வாசித்த வாசகம்

கம்பெனி வேனின் நடு இருக்கையில் ஜன்னலை ஒட்டி உட்கார்ந்து, செல்போனை மூக்குக்கு அருகில் பிடித்துக்கொண்டு அக்கா அன்றைய நற்செய்தியை வாசிப்பார். முத்தாபுதுப்பேட்டையில் முதலில் ஏறுபவர் அவர்தான். ஆவடி தாண்டும்போது நாங்கள் எல்லோரும் ஏறி முடித்திருப்போம். டிரைவர் சொல்லாமலே பாட்டை நிறுத்துவார். வாசகம் முடிந்ததும் அக்கா இரண்டு மூன்று வாக்கியம் பேசுவார், பிறகு ஒரு சின்ன செபம். வேனில் கிறிஸ்தவர்கள் சிலரே. ஆனாலும் யாரும் முகம் சுளித்ததில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், மாமியாரோடு சண்டை என்றால், "யக்கா, இன்னிக்கு எனக்கும் சேத்துச் சொல்லு" என்று பின்னாலிருந்து குரல் வரும். அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டிகளுக்கான இரும்பு பாகங்கள் அடிக்கும் அந்தச் சிறிய கம்பெனியில் அக்கா லைன் லீடர். நான் தரம் பார்க்கும் மேசையில் வேலை செய்தேன். கடுகு விதை பற்றிய வாசகம் வந்த நாளில், "நம்ம வாஷர் மாதிரிதான். சின்னதுன்னு கீழ போட்டுட்டுப் போவாதீங்கடி" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அதுதான் அவருடைய பிரசங்கம்.

நவம்பர் பிறந்தால் வாசகங்களின் முகம் மாறும். திருவழிபாட்டு ஆண்டு முடியும் நாட்கள் அவை. விழித்திருங்கள், நாள் நெருங்குகிறது, கல்லின்மேல் கல் நிற்காது என்று ஒவ்வொரு காலையும் ஒரு எச்சரிக்கை வரும். எங்கள் ஊரில் மழையும் அப்போதுதான் கனக்கும். அந்த வருடம் அயனம்பாக்கம் ஏரி நிரம்பிக்கொண்டிருந்தது. வேன் கண்ணாடியில் நீர் வழிய, வெளியே எதுவும் தெரியாமல், அக்காவின் குரல் மட்டும் கேட்கும். எனக்கு அந்த நாட்களில் வேலைக்குக் கிளம்பவே பயமாக இருக்கும். மழையும் வாசகமும் மட்டும் அதற்குக் காரணமில்லை. கம்பெனியில் தகட்டை அடித்து வடிவாக்கும் பெரிய பிரஸ் அப்போது சரியாக இல்லை.

அந்த பிரஸ்ஸில் பட்டாபிராமிலிருந்து வரும் ஒரு அண்ணியும் அவளுடைய நாத்தனாரும் வேலை செய்தார்கள். ஒருத்தி தகடு வைப்பாள், மற்றவள் அடித்த பாகத்தை எடுப்பாள். வீட்டில் முறைத்துக்கொள்வார்களாம், மெஷின் முன்னால் நான்கு கையும் ஒரே ஆளுடையது போல ஓடும். கை உள்ளே போனால் மெஷினை நிறுத்தவேண்டிய சென்சாரை, உற்பத்தி குறைகிறது என்று சொல்லி, ஒரு கம்பியைச் சுற்றிச் செயலிழக்க வைத்திருந்தார்கள். மழை தொடங்கியதிலிருந்து, பெடலை மிதிக்காமலே மெஷின் எப்போதாவது தானாக இன்னொரு அடி இறங்கியது. அந்தத் தனி அடி கூடம் முழுக்கக் கேட்கும். எல்லோரும் ஒரு நொடி தலைதூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப வேலையில் குனிவோம். அக்கா மேனேஜரிடம் பலமுறை சொன்னார். கையில் இருக்கும் ஆர்டர் முடியட்டும், ஆள் வரச்சொல்கிறேன் என்பதே ஒவ்வொரு முறையும் பதில்.

ஒரு வெள்ளிக்கிழமை. நோவா காலத்து வெள்ளத்தில் தொடங்கியது வாசகம். ஜனங்கள் உண்டு குடித்துப் பெண் கொண்டு கொடுத்து எப்போதும்போல இருந்தபோதே வெள்ளம் வந்தது என்று படித்தார். பிறகு, சேர்ந்து மாவு அரைக்கும் இரண்டு பெண்களில் ஒருத்தி எடுத்துக்கொள்ளப்படுவாள், மற்றவள் விடப்படுவாள் என்ற இடம் வந்தது. அக்காவின் குரல் அங்கே தடுக்கியது. எங்கே ஆண்டவரே என்று சீடர்கள் கேட்க, பிணம் கிடக்கும் இடத்தைத் தேடிக் கழுகுகள் கூடுவதைப் பற்றிய பதிலோடு வாசகம் முடிந்துவிட்டது. கண்ணாடியில் வைப்பர் போய்ப் போய் வந்தது. நாத்தனார்தான் சிரிக்கப் பார்த்தாள்: "இன்னாக்கா, எங்க ரெண்டு பேரத்தான் சொல்றியா?" அவளுடைய அண்ணி அவள் தொடையில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். வழக்கமாகப் பேசும் இரண்டு மூன்று வாக்கியத்தை விட்டுவிட்டு அக்கா கண்ணை மூடினார். "ஆண்டவரே, எங்களுக்குப் பயமா கீது" என்று மட்டும் சொன்னார். செபம் அவ்வளவுதான்.

கம்பெனிக்குள் நுழைந்ததும் அக்கா பெரிய பிரஸ்ஸின் சுவிட்சை அணைத்துவிட்டு, அந்த இருவரையும் பேக்கிங் பக்கம் அனுப்பினார். மேனேஜர் வந்தார். வேனில் நடந்ததை யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

"பைபிள் படிச்சிட்டு மெஷினை நிறுத்துவீங்களா? வேன்ல பஜனை பண்றதையே நான் தட்டிக் கேட்டதில்ல."

"பைபிளு நிறுத்தச் சொல்லல சார். அது தானா எறங்குது. நீங்களே கேட்டுகினுதான கீறீங்க?"

"சாயங்காலம் லாரி வருது. இந்த லாட்டை முடிங்க, திங்கட்கிழமை ஆள் கூப்பிடறேன். அந்தப் பொண்ணுங்களுக்கு பயம்னா வேற ரெண்டு பேரை உட்கார வைங்க."

அக்கா சுற்றிப் பார்த்தார். யாரை உட்கார வைப்பது? நாங்கள் எல்லோரும் அவர் கண்ணைத் தவிர்த்து எதையாவது பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் புடவை மேலே போட்டிருந்த கோட்டின் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, நீளமான ஒரு இடுக்கியை எடுத்துப் போய், தானே பிரஸ்ஸின் முன்னால் அமர்ந்தார். தகடு வைப்பதும் எடுப்பதும் இரண்டும் அவரே. காலை முழுவதும் கையை உள்ளே விடாமல் இடுக்கியாலேயே ஓட்டினார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. சாப்பாட்டு நேரம் வரை ஒன்றும் நடக்கவில்லை. எல்லோருக்கும் லேசாக நிம்மதி வந்திருந்தது என்று நினைக்கிறேன். மதியத்துக்கு மேல், அடித்த பாகம் ஒன்று கீழே உள்ள டை அச்சுக்குள் சிக்கிக்கொண்டது. இடுக்கி வழுக்கியது. அவர் இன்னும் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். அந்தத் தனி அடி இறங்கியது.

வலது கையில் மூன்று விரல்கள் போயின. கத்தியது பேக்கிங் பக்கத்திலிருந்து ஓடிவந்த நாத்தனார்.

அதன்பிறகு நடந்தவை எங்கும் நடப்பவையே. அக்காவின் கவனக்குறைவு என்று எழுதி, சாட்சியாகக் கையெழுத்துப் போட அண்ணியையும் நாத்தனாரையும் கூப்பிட்டார்கள். இருவரும் மறுத்துவிட்டு, அன்றோடு வேலையையும் விட்டார்கள். மருத்துவச் செலவைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. அக்கா திரும்ப வேலைக்குப் போகவில்லை. சில மாதம் கழித்து நானும் வேறு வேலை தேடிக்கொண்டேன்.

இப்போது என் செல்போனில் காலைச் சிந்தனைகள் நிறைய வருகின்றன. பூப்படமும் புல்லாங்குழலுமாக வந்து, எல்லாம் நன்மைக்கே என்று சொல்லிப் போகின்றன. அக்காவிடமிருந்து வரும் குரல் செய்தியைத்தான் நான் முழுதாகக் கேட்கிறேன். அவர் வாசிப்பதை விடவில்லை. இடது கையால் போனைப் பிடித்துக்கொண்டு, முத்தாபுதுப்பேட்டை வீட்டிலிருந்து வாசிக்கிறார். ஒருமுறை அவரிடம் கேட்டேன்: அன்றைக்கு அந்த வாசகம் வந்தது உங்களுக்கு எச்சரிக்கையாகத்தானா? அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்த வாசகம் வருஷா வருஷம் வருது. அன்னிக்கு மட்டும் எனக்குன்னு வரல. மெஷின் தானா எறங்கற சத்தத்தைத்தான் எல்லாரும் கேட்டோமே, அதுக்கு மேல இன்னா எச்சரிக்கை ஓணும்?" பிறகு, "நானும் ஆண்டவர்கிட்ட சண்டை போட்டுகினுதான் கீறேன். இன்னும் முடியல" என்றார்.

சமீபத்தில்தான் அவருக்கு ஒரு செய்தி தெரிந்தது. அந்த பிரஸ்ஸைக் கம்பெனி உடைத்துப் போடவில்லை, விற்றுவிட்டது. பூந்தமல்லிப் பக்கம் ஏதோ ஒரு பட்டறை வாங்கிப் போயிருக்கிறது. பழைய வேன் டிரைவர் சொன்னாராம். அன்றிலிருந்து அவருடைய செபத்தில் ஒரு வரி சேர்ந்தது: "இன்னிக்கு அந்த மெஷின் முன்னால உக்காரப் போறவங்க யாருன்னு எனக்குத் தெரியல, உனக்குத் தெரியும்."

போன வாரம் என்னைக் கூட்டிக்கொண்டு தேடக் கிளம்பினார். பூந்தமல்லியில் மெட்ரோ வேலையின் சத்தத்தில் எந்தப் பட்டறை எந்தச் சத்தம் போடுகிறது என்று பிரித்தறிய முடியவில்லை. சந்து சந்தாக நடந்தோம். பாதி இறக்கிய ஒரு ஷட்டருக்குப் பின்னாலிருந்து பிரஸ் அடிக்கும் ஓசை வந்தது. அக்கா குனிந்து உள்ளே போனார். இரண்டு பெண்கள் ஒரு மெஷின் முன்னால் இருந்தார்கள். அது எங்கள் பிரஸ் இல்லை, அதைவிடச் சின்னது. ஆனால் அதற்குச் சென்சாரும் இல்லை, மறைப்பும் இல்லை. ஒருத்தியின் கை மணிக்கட்டு வரை உள்ளே போய் வந்துகொண்டிருந்தது.

"யாரும்மா நீ? இன்னா ஓணும்?" என்றாள் அவள்.

அக்கா வலது கையைத் தூக்கிக் காட்டினார். மெஷின் நின்றது. "கைய உள்ள வுடாதீங்கம்மா, இடுக்கி கேளுங்க" என்று தொடங்கியவர், இடுக்கி வைத்துக்கொண்டும் தனக்கு நடந்ததை நினைத்தாரோ என்னவோ, பாதியில் நிறுத்திவிட்டு, "உங்க பேரு இன்னா?" என்று கேட்டார். அவர்கள் பெயர்களைச் சொன்ன நேரத்தில் முதலாளி வந்துவிட்டார். எங்களை வெளியே போகச் சொல்லி அவர் ஷட்டரை முழுதாக இறக்கினார். நாங்கள் தெருமுனை சேர்வதற்குள் மெஷின் திரும்ப ஓடத் தொடங்கிவிட்டது.

மறுநாள் காலை குரல் செய்தி வந்தது. வாசகத்தைப் படித்து முடித்து, அந்த இரண்டு பெயர்களையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். ஆமென் சொன்ன பிறகும் செய்தி முடியவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு அக்கா பேசினார்:

"பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்கு வந்துடு. அந்தப் பட்டறைக்குத் திரும்பவும் போவணும். பட்டாபிராம்லேர்ந்து அண்ணி நாத்தனார் ரெண்டு பேரும் வராளுங்க."