பெருந்துறைப் பனியில் நின்ற பேருந்து

பெருந்துறை தாண்டி ஒரு டீக்கடை. காலை ஆறரை மணி. சென்னையிலிருந்து இரவெல்லாம் ஓடி வந்த எங்கள் கோவைப் பேருந்து, பனிமூட்டத்தால் இரண்டு மணி நேரமாக இங்கே நிற்கிறது. விளக்கில்லாமல் நின்ற ஒரு தேங்காய் லாரியின் மேல் மோத இருந்தோம். ஒரு முழ இடைவெளியில் தப்பினோம். உடனே வண்டியை ஓரங்கட்டிய ஓட்டுநர், பனி விலகாமல் எடுக்க மாட்டேன் என்கிறான்.

ஓட்டுநர் என் மகன். பெரிய வண்டி ஓட்ட ஆரம்பித்து மூன்று மாதம்தான் ஆகிறது. நான் அவன் அம்மா என்று இங்கே யாருக்கும் தெரியாது.

"பனிக்குப் பயப்படறவன் எதுக்குங்க ஸ்டீயரிங் புடிக்கறான்?" என்கிறார் பல்லடத்துக் கோழிப்பண்ணைக்காரர். "ஏழு மணிக்குக் கோழி ஏத்த லாரி வந்துருமுங்க."

பலர் சிரிக்கிறார்கள். சாம்பாரில் உப்பு குறைந்தாலே சண்டைக்கு வருகிறவன், முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறான்.

"ஏனுங்க அக்கா, பொம்பளைங்க சொன்னாக் கேப்பான். நீங்க போய்ச் சொல்லிப் பாருங்க," என்று என் பக்கம் திரும்புகிறார் பண்ணைக்காரர்.

போகிறேன்.

"நீயும் எடுக்கச் சொல்றியாம்மா?" என்று மெதுவாகக் கேட்கிறான்.

"இல்ல கண்ணு. டீ குடிச்சியான்னு கேக்க வந்தேன்."

திரும்பி வருகிறேன்.

"என்னங்க சொல்றான்?"

"எடுக்க மாட்டானுங்க," என்கிறேன், கடையில் எல்லாருக்கும் கேட்கும்படி. "எம் பையனுங்க அவன்."