அணைக்கக் கூடாத சுவிட்ச்

ஸ்காட்லாந்தில் நாங்கள் இருக்கும் சிற்றூரில் யாரும் சுவிட்சை அணைப்பதில்லை. நம் ஊரைப் போலவே சுவரில் ப்ளக் மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில் சுவிட்ச் இருக்கிறது. ஆனால் தேநீர் குடித்துக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்த பிறகும் கெட்டிலின் சுவிட்ச் போட்டது போட்டபடியே கிடக்கும். யார் வீட்டுக்குப் போனாலும் என் கண் முதலில் சுவரைத்தான் தேடும். அதற்குப் பிறகு பேச்சில் மனம் ஒட்டாது. ஒருமுறை எதிர்வீட்டு மொய்ராவின் சமையலறையில், அவர் முதுகைத் திருப்பியிருந்த நேரம் பார்த்து, டோஸ்டரின் சுவிட்சை அணைத்தே விட்டேன். மறுநாள் அவர், டோஸ்டர் கெட்டுப்போய்விட்டது, புதிது வாங்க வேண்டும் என்றார். நான்தான் அணைத்தேன் என்று சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நல்லவேளை, அதற்குள் கடைக்குப் போயிருக்கவில்லை.

மதுரை திருநகரில் நான் வளர்ந்த வீட்டில் ஊருக்குக் கிளம்புவது என்பதே ஒரு சடங்கு. அம்மா முதலில் சிலிண்டரை மூடுவார். பிறகு மோட்டார், டிவி, ஒவ்வொரு அறையாக விசிறி, கடைசியில் மெயின் ஸ்விட்ச். பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போன பிறகு, "கவிதா, ஓடிப்போய் மெயினை அணைச்சமான்னு பாத்துட்டு வா" என்பார். நான் ஓடுவேன். அணைத்துத்தான் இருக்கும். அப்படித் திரும்பி ஓடி ஓடியே வளர்ந்தவள் நான். பொறுப்பு என்றால் எனக்கு அணைப்பதுதான்.

மொய்ராவிடமிருந்து நாங்கள் ஒரு கேம்பர்வேன் வாங்கினோம். படுக்கை, அடுப்பு, சின்னக் குளிர்பெட்டி எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி. அவரும் அவருடைய கணவர் டேவிட்டும் ஊர் ஊராகப் போய் வந்த வண்டி அது. கணவர் இறந்த பிறகு தனியாக ஓட்ட மனமில்லை என்று எங்களிடம் கொடுத்தார். சாவியைத் தரும்போது, குளிர்காலம் முழுக்க வண்டியை ப்ளக்கிலேயே வைத்திருங்கள் என்றார். எங்கள் வீட்டு வெளிச்சுவரிலிருந்து ஒரு ஆரஞ்சு நிறக் கேபிள் வண்டிக்குப் போகும். நான் சிரித்துத் தலையாட்டினேன். கெட்டிலையே அணைக்காதவர் வேறு என்ன சொல்வார் என்று நினைத்துக்கொண்டேன். ஆளில்லாத வண்டிக்கு மாதக்கணக்கில் கரண்ட்டா? தீப்பிடித்தால்? ஒரு வாரம் தூக்கம் கெட்டது. பிறகு ஒரு நாள் என் கணவன் செந்தில் வேலைக்குப் போன பிறகு சுவிட்சை அணைத்து, கேபிளைக் கழற்றிச் சுருட்டி, பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொட்டகையில் வைத்தேன். மூன்று முறை திரும்பிப் போய்ப் பார்த்தேன். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். குளிர்காலத்தில் இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்பும் செந்தில் கேபிள் இல்லாததைக் கவனிக்கவில்லை.

வசந்த விடுமுறையில் முதல் பயணம். முந்தின நாள் செந்தில் வேலையில் இருந்தபோது நான் கேபிளை எடுத்து மாட்டி, ஒரு பகல் சார்ஜ் ஏற்றினேன்; மறுநாள் கிளம்பினோம். ஏரிக்கரை ஒன்றில் வண்டியை நிறுத்தினோம். விடியும் நேரத்தில் ஹீட்டர் நின்றுபோயிருந்தது. விளக்குகள் மங்கி அணைந்தன. எங்கள் மகள் யாழினிக்கு நான்கு வயது. குளிர் பட்டால் இளைப்பு வரும். அவள் நெஞ்சு விசிலடிக்கும் சத்தத்தில்தான் நான் கண்விழித்தேன். செந்தில் எஞ்சினைப் போட்டு, முன்சீட்டில் வெப்பத்தைத் திறந்துவிட்டு, அங்கிருந்த சாக்கெட்டில் நெபுலைசரை மாட்டினான். மருந்துப்புகை மூக்கில் ஏறும்வரை அவள் உதட்டின் நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அரைமணி நேரத்தில் அவள் தேறிவிட்டாள். நான் தேறவில்லை.

"செத்த பேட்டரியை நம்ம தலையில கட்டிருச்சு அந்தம்மா" என்றான் செந்தில். வீட்டுக்கு வந்ததும் மொய்ராவுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினான். எழுத்தில் மரியாதை இருந்தது, ஈரம் இல்லை. ஒரு குழந்தை இருக்கும் குடும்பத்துக்கு விற்கும்போது சொல்லியிருக்க வேண்டாமா என்று கேட்டிருந்தான். நான் பக்கத்தில்தான் நின்றேன். கேபிளைச் சுருட்டிய கை நெஞ்சுக்கு நேராக மடங்கியிருந்தது. ஒருவேளை பேட்டரி முன்பே பழசாக இருந்திருக்கலாம் என்று நினைத்தேன். இருந்திருக்கலாம்தானே? மொய்ரா பதில் எழுதவில்லை. மறுநாள் வண்டியின் பழைய கையேடு எங்கள் வாசலில் கிடந்தது. எப்போதும் மணியடித்துக் கையில் கொடுப்பவர், வைத்துவிட்டுப் போயிருந்தார்.

மூன்று வாரம் கழித்து, சித்தி மகள் கல்யாணத்துக்காக நானும் யாழினியும் மதுரைக்கு வந்தோம். ஜூலைப் பயணத்துக்குள் புது பேட்டரியும் சார்ஜரும் வாங்கியாக வேண்டும். "நீதான் நல்லா படிச்சுப் பாப்ப, நீயே முடிவு பண்ணு" என்று செந்தில் என்னிடம் விட்டிருந்தான். விமானத்திலேயே பத்துப் பக்கம் குறிப்பு எடுத்தேன். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடியது. அதனால் பழங்காநத்தத்தில் இருக்கும் ஹேமாவின் கடைக்குப் போனேன். பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள். இன்று அவளும் கணவரும் இன்வெர்ட்டர், பேட்டரிக் கடை நடத்துகிறார்கள்.

"என்னது, லீஷர் பேட்டரியா?" என்றாள் ஹேமா. "பேரைப் பாருடி. எனக்கு ஞாயித்துக்கெழமைகூட லீவு இல்ல, பேட்டரிக்கு லீஷராம்."

எஞ்சினைக் கிளப்புவதற்கு ஒரு பேட்டரி உண்டு, இது வேறு, வண்டிக்குள் இருக்கும் விளக்குக்கும் ஹீட்டருக்கும் தண்ணீர் பம்புக்கும் ஆனது என்று விளக்கினேன்.

"அப்ப நம்ம வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிதான். வீட்டுக்குச் சக்கரம் இருக்கு, அம்புட்டுத்தான். சரி, என்னென்ன ஓடும், எம்புட்டு நேரம் ஓடும்?"

நான் குறிப்பேட்டை விரித்தேன்.

"பாவி, பரீட்சைக்குப் படிச்ச மாதிரி படிச்சிருக்கா! பத்தாவதுல பேப்பரைக் குடுத்துட்டு வந்து, நம்பர் எழுதுனனா எழுதுனனான்னு அழுதவதான நீ?"

கடைவாசலில் காத்திருந்த ஒருவர் பொறுமை இழந்தார். "ஏம்மா, உங்க கதை முடிஞ்சா என் டிராக்டர் பேட்டரியக் கொஞ்சம் பாருங்க."

"பொறுங்கண்ணே. உங்க டிராக்டர் செக்கானூரணியில நிக்குது. இவ வண்டி ஸ்காட்லாந்துல நிக்குதுல்ல."

நடுவில் அவள் மாமியார் போன் செய்தார். சட்டென்று சௌராஷ்டிர மொழிக்கு மாறி நாலு வார்த்தை பேசினாள். அதே மூச்சில் என்னிடம் தமிழுக்கு வந்தாள். சின்ன வயதில் அது எனக்கு வேடிக்கையாக இருந்தது. இப்போது பொறாமையாக இருந்தது. நான் ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போதெல்லாம் எதையோ அணைத்துவிட்டுத்தான் போகிறேன்.

லித்தியம் நல்லது என்று குறிப்பில் எழுதியிருந்தேன்: எடை குறைவு, ஏறக்குறைய முழுவதையும் பயன்படுத்தலாம். ஹேமா உதட்டைப் பிதுக்கினாள். "நல்லதுதான். ஆனா தண்ணி ஒறையிற குளிர்ல அதுக்குச் சார்ஜ் ஏத்தக் கூடாது, கெட்டுப்போகும். தன்னையே சூடுபண்ணிக்கிற மாதிரியும் வருது. அதுக்கு வண்டில பாதி வயரை மாத்தணும். உனக்கு ஏஜிஎம் போதும். மூடி முத்திரை போட்ட பேட்டரி, தண்ணி ஊத்துற வேலையில்ல, குளிருக்கும் தாங்கும். ஒண்ணே ஒண்ணு, நூறுன்னு எழுதிருந்தா அம்பதுன்னு நெனச்சுக்க. பாதிக்குக் கீழ எறங்க விடாத. எப்பவும் நெறஞ்சு இருக்கணும்."

"எப்பவும்னா... ப்ளக்ல மாட்டியே வைக்கணுமா? தீப்பிடிச்சா?"

"அதுக்குத்தான் ஸ்மார்ட் சார்ஜர். அறிவுள்ள பண்டம்டி அது. வயிறு நெறஞ்சதும் ஊட்டுறத நிறுத்திரும். அப்பறம் அப்பப்ப ஒரு வாய் மட்டும் குடுக்கும். ஒன்ன மாதிரி பிள்ளைய வெரட்டி வெரட்டி ஊட்டாது. ஏஜிஎம்னு அதுல சரியா செட் பண்ணிட்டாப் போதும்." பிறகு பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "எல்லாம் சரி. பழசு எப்படிச் செத்துச்சு?"

"தெரியல."

"அது தெரியாம புதுசு எப்படிச் சொல்றது? அதே வீட்டுக்குத்தான இதுவும் போகுது? பேட்டரி பெரும்பாலும் தானாச் சாகாது. காலியாக் கெடந்து கெடந்து உள்ள வெள்ளையாப் படிஞ்சு, அப்பறம் எம்புட்டு ஏத்துனாலும் நிக்காது. யாராச்சும் பட்டினி போட்டாங்களா?"

"எனக்குத் தெரியலடி" என்றேன் மறுபடியும். டிராக்டர்காரர் என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது.

ஹேமா மேலே கேட்கவில்லை. "வீட்டுக்குப் போய் உங்கம்மாட்ட இன்வெர்ட்டர் கதையக் கேளு" என்று மட்டும் சொன்னாள்.

இரண்டு நாள் கழித்து, கல்யாண வேலைக்காக நாகமலை புதுக்கோட்டையில் சித்தி வீட்டில் போய்த் தங்கக் கிளம்பினோம். அம்மா சிலிண்டரை மூடினார். மோட்டார், டிவி, விசிறிகள் எல்லாவற்றையும் அணைத்தார். பழைய பழக்கத்தில் நானே மெயின் பெட்டிக்குக் கை நீட்டினேன்.

"ஏய், ஏய்! அத விடு!" அம்மா பாய்ந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். அப்போதுதான் பார்த்தேன். மெயின் ஸ்விட்சின் மேல் காயத்துக்கு ஒட்டும் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. பக்கத்தில் இன்வெர்ட்டரின் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

"மெயினை அணைச்சா கரண்ட் போயிருச்சுன்னு நெனச்சுக்கிட்டு இது வீட்டுக்குக் கரண்ட் குடுக்க ஆரம்பிச்சிரும். ஆளே இல்லாத வீட்டுக்குக் குடுத்து குடுத்தே செத்துப்போகும். மொத பேட்டரிய நான்தான கொன்னேன்."

"எப்போ?"

"யாழினி பொறக்க அங்க வந்தேன்ல, அஞ்சு மாசம்? பொறுப்பா எல்லாத்தையும் அணைச்சுட்டு வந்தேன். திரும்பி வந்து பாத்தா முடிஞ்சுபோச்சு. ஹேமா கடைக்குப் போய், ஏ ஆத்தா, ஓம் பேட்டரி நல்ல பேட்டரிதான், நான்தான் கெடுத்தேன்னு சொன்னேன். அவதான் சிரிச்சுக்கிட்டே வந்து இத ஒட்டுனா." அம்மா செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். "இன்னும் என்ன நிக்கிற? ஆட்டோ வந்துருச்சு."

ஆட்டோவில் யாழினி என் மடியில் தூங்கினாள். நான் விட்டுப்போன வீட்டைத்தான் நான் கையோடு கொண்டுபோயிருந்தேன். அந்த வீடு எனக்காக மாறாமல் நிற்கவில்லை. அது ஒரு சுவிட்சை அணைக்காமல் விடக் கற்றுக்கொண்டுவிட்டது. அதைவிட உறுத்தியது இன்னொன்று. அம்மா போய்ச் சொன்னார். நான் சொல்லவில்லை. எனக்காக எழுபது வயதுப் பெண் ஒருவர், இறந்த கணவரோடு சுற்றிய வண்டியை ஏமாற்றி விற்றவர் என்ற பெயரைச் சுமந்துகொண்டு எதிர்வீட்டில் இருக்கிறார்.

சித்தி வீட்டு மாடிக்குப் போய் செந்திலுக்குப் போன் செய்தேன். சொன்னேன். கேபிளைக் கழற்றி வைத்தது நான்தான் என்று.

"மூணு வாரமா இத மனசுல வச்சிருந்தியா?"

"ம்."

"அந்தம்மா இப்பல்லாம் என்னையப் பாத்தா தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போகுது கவி." பிறகு, "நான் எழுதுனதுக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன். ஒன்னோடத நீயே சொல்லு" என்றான்.

மொய்ராவின் எண்ணை அழுத்துமுன் சொல்ல வேண்டியதை ஆங்கிலத்தில் எழுதி வைத்துக்கொண்டேன். குளிர், தீ, அம்மா, மெயின் ஸ்விட்ச் என்று ஒரு பாடமே நடத்தினேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

பிறகு, "எனக்குத் தெரியும்" என்றார். "என் சமையலறை ஜன்னலிலிருந்து உங்கள் வண்டி தெரியும். நீ கேபிளைச் சுருட்டியதைப் பார்த்தேன். குளிர்காலம் முழுக்க அது இல்லாததையும் பார்த்தேன்."

"அப்படியானால் ஏன் சொல்லவில்லை?"

"அது உங்கள் வண்டி" என்றார் மொய்ரா, இதைப் போய்க் கேட்கிறாளே என்ற வியப்போடு.

திருநகரில் என்றால் எதிர்வீடு, பக்கத்துவீடு, பால்காரர் என மூன்று பேராவது கதவைத் தட்டியிருப்பார்கள். என்னத்துக்கு அதக் கழட்டி வச்சிருக்க என்று அதட்டியிருப்பார்கள். அந்தத் தலையீடு தாங்காமல்தான் ஒரு காலத்தில் வெளிநாடு நிம்மதி என்று நினைத்தேன். மொய்ரா சொல்லாமல் இருந்தது அவருடைய ஊரின் மரியாதை. ஏன் ப்ளக்கிலேயே வைக்க வேண்டும் என்று நான் அவரைக் கேட்காமல் இருந்ததும் மரியாதை என்றுதான் எண்ணியிருந்தேன். இரண்டு மரியாதைக்கும் நடுவில் ஒரு குழந்தை குளிரில் கிடந்தது.

"அந்தக் குறுஞ்செய்தி எனக்கு வலித்தது. டேவிட் அந்த பேட்டரியை அவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டார்" என்றார் அவர். பரவாயில்லை என்று சொல்லவில்லை. நானும் அதை எதிர்பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். வைக்கும் முன், "குழந்தையின் நெஞ்சு இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேட்டார்.

அன்றே ஏஜிஎம் பேட்டரியையும் சார்ஜரையும் முடிவு செய்தேன். செந்தில் வாங்கி இருக்கைக்கு அடியில் பொருத்தினான். மொய்ராவிடம் அவன் நேரில் போய் மன்னிப்புக் கேட்டான். செந்தில் பழைய பேட்டரியை வண்டியிலிருந்து இறக்கும்வரை அவர் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாராம்.

இப்போது ஜூலைப் பயணம் முடிந்து வீட்டில் இருக்கிறோம். ஐந்து நாளும் ஹீட்டர் நிற்கவில்லை. நான்தான் மணிக்கொரு முறை கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆரஞ்சுக் கேபிள் சுவரிலிருந்து வண்டிக்குப் போகிறது. சுவிட்சின் மேல், மதுரையிலிருந்து கொண்டுவந்த வெள்ளை பிளாஸ்திரியை ஒட்டியிருக்கிறேன். கடைக்குக் கிளம்பினாலும் தெருமுனையிலிருந்து திரும்பி வருகிறேன். முன்பு அணைத்தோமா என்று பார்க்க வருவேன். இப்போது எரிகிறதா என்று பார்க்க வருகிறேன். வண்டியின் கண்ணாடியில் கையைக் குவித்து உள்ளே எட்டிப் பார்ப்பேன். ஆளில்லாத வண்டிக்குள் சார்ஜரின் பச்சைப் புள்ளி இருக்கும். திருநகர் வீட்டிலும் இந்நேரம் அம்மா எங்காவது கிளம்பியிருந்தால், பூட்டிய கதவுக்குப் பின்னால் அப்படித்தான் ஒரு புள்ளி இருக்கும்.

நேற்று அப்படி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு ஜன்னல் தட்டப்பட்டது. மொய்ரா. அவர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து வண்டியைக் காட்டி, கட்டைவிரலை உயர்த்தினார். எரிகிறது, நீ போ. தெருமுனை வரை போனேன். பிறகு, பழக்கம் விடவில்லை, திரும்பிப் பார்த்தேன். அவர் இன்னும் ஜன்னலில்தான் நின்றார்.