பழைய பாடத்திட்டம்

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்தவள் நான்தான். நாகர்கோவிலில் ஒரு கடையில் ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் வேலை. அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அக்கா கீரிப்பாறையில் ரப்பர் பால் வெட்டுகிறாள். மேட்டில் ஏறி இறங்கி முழங்கால் தேய்ந்துவிட்டது. பக்கத்துத் தனியார் தோட்டத்தில் பாலை எடைபோட்டு எழுதுவதற்கு ஆள் கேட்டார்கள். உட்கார்ந்து பார்க்கிற வேலை. பிளஸ் டூ தேறியிருக்க வேண்டும். அக்கா பள்ளியில் கணிதம் ஒன்றில் மட்டும் தோற்றவள். தனித்தேர்வு எழுதிவிடு, பாடத்துக்கு நான் பொறுப்பு என்று மார்தட்டினேன்.

இணையத்தில் தேடியதும் ஒரு தளம் அகப்பட்டது. காசு கிடையாது. ஒரு வாத்தியார் தமிழிலேயே, கரும்பலகையில் எழுதி, பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். அக்கா வீட்டில் சிக்னல் கிடைக்காது. வாராவாரம் பாடங்களை இறக்கி, மெமரி கார்டில் ஏற்றி, எஸ்டேட் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவேன். பரணில் கிடந்த அவளுடைய பள்ளிப் புத்தகத்தை எடுத்து வைத்துப் பார்த்தால், வீடியோவும் புத்தகமும் வரிக்கு வரி ஒத்துப்போயின. இரண்டு பேருக்கும் ஒரே சந்தோஷம். மழை பெய்தால் பால் வெட்டு இல்லை. அன்றெல்லாம் அவள் கணக்கே கதியென்று கிடந்தாள்.

தேர்வில் அவள் படித்ததில் பாதி வரவில்லை. வந்ததையும் வேறு மாதிரி கேட்டிருந்தார்கள். தோற்றுப்போனாள். அந்த வேலைக்கு வேறு ஆள் வந்துவிட்டது.

பிறகு ஒருநாள் அந்த வீடியோவைத் திறந்து, கீழே பார்த்தவர்கள் எழுதிய கருத்துகள் வரை தள்ளிப் பார்த்தேன். முதல் ஆளே எழுதியிருந்தார்: இது பழைய பாடத்திட்டம், இப்போது எழுதுகிறவர்கள் இதைப் படிக்க வேண்டாம் என்று. புதிய புத்தகமும் இணையத்தில் இலவசமாகவே கிடந்தது. ஊரார் விண்ணப்பத்தையெல்லாம் எழுத்தெழுத்தாகச் சரிபார்க்கிறவள், சொந்த அக்காவுக்கு இதைப் பார்க்கவில்லை. வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

போன கிறிஸ்துமஸுக்கு என் வீட்டில் சாப்பாடு. நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்து, கலெக்டராகப் போனவள் என்று அவள் புருஷன், எங்கள் அத்தான், கேலி செய்தார். சொல்லிக்கொடுத்தவள் சரியில்லையோ என்று என்னையும் ஒரு இடி இடித்தார். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அவள ஒண்ணும் சொல்லாதேயும். பிள்ள எவ்வளவு பாடுபட்டா. எனக்க மண்டையில ஏறல்ல, அவ என்ன செய்வா?"

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். உன் மண்டைக்கு ஒரு குறையும் இல்லை அக்கா, நான் தந்த பாடம்தான் தப்பு என்று. அவள் தட்டில் இன்னும் இரண்டு துண்டு கறி வைத்தேன்.