அவர் பின்னால் நடந்த மூன்று மாதம்

இன்று நினைத்தாலும் எனக்கு அடிவயிறு பற்றி எரிகிறது. எங்கள் ஊர் கொட்டாரம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த கடைசி வருடங்கள் அவை. எனக்கு முப்பத்தெட்டு வயது. நாலு படி ஏறினால் நெஞ்சு அடைக்கும். நாகர்கோவில் டாக்டர் என்னை எடைப் பொறியில் ஏற்றிப் பார்த்துவிட்டு ஒளிக்காமல் சொன்னார்:

"கொழுப்பு இருதயத்த அமுக்குது. மூணு மாசத்துல எடை இறங்கல்லேன்னா உயிருக்கு ஆபத்து. தினமும் காலையில நடக்கணும்."

"இவ நாள் முழுக்க ஆட்டுக்கல்லுலதானே கெடக்கா? அது போதாதா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"உக்காந்து ஆட்டினா கைதான் வலிக்கும். மொதல்ல மெல்ல நடங்கோ, பொறவு வேகத்தக் கூட்டணும். நடந்துக்கிட்டே பாட்டுப் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்கணும்."

பெண்பிள்ளை வேலையில்லாமல் தனியாக ரோட்டில் நடந்தால் ஊர் பேசுமாம். அதனால் அவரும் வந்தார். அவர் முன்னால், நான் பின்னால். கொட்டாரத்தில் புருஷனைத் தாண்டி நடந்தவள் ஒருத்தி கிடையாது. அவரோ அரிசிக்கடை முதலாளி. குடையை ஊன்றிக்கொண்டு, வயலில் தண்ணீர் நிற்கிறதா என்று எட்டிப் பார்த்து, எதிரே வருகிற ஒவ்வொருவரிடமும் நின்று நலம் விசாரிப்பார். அவர் நின்றால் நானும் நிற்க வேண்டும். நல்ல நடை!

"கொஞ்சம் வெரசலா போங்களேன்."

"ஏட்டி, எழவு வீட்டுக்கா போறோம்? இப்பிடி ஓடினா யாரு செத்தான்னு ஊரே கேக்கும்."

மூன்று மாதம் கழித்துப் பொறியில் ஏறினேன். ஒரு ராத்தல்கூட இறங்கவில்லை. "நடந்தியளா?" என்று டாக்டர் கேட்டார். "ஒரு நாளும் தவறல்ல" என்றார் இவர், மார்பை நிமிர்த்தி. அந்தக் குடையைப் பிடுங்கி உடைக்கலாம்போல் இருந்தது. அவர்மேல் மட்டுமா கோபம்? வாயை மூடிக்கொண்டு பின்னாலேயே போன என்மேலும்தான்.

மறுநாள் காலை குளத்தங்கரையில் அவர் வழக்கம்போல் யாரிடமோ பேச நின்றார். நான் நிற்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவரைத் தாண்டி நடந்தேன்.

"ஏட்டி, நில்லு! நில்லுட்டி!"

திரும்பிப் பார்ப்பேனா? மூச்சு வாங்கியது, வியர்வை கண்ணில் இறங்கியது. காலை மட்டும் நிறுத்தவில்லை. மோர் விற்கிறவள் பானையைக் கீழே வைத்துவிட்டுப் பதறி ஓடி வந்தாள்.

"எக்கா, என்ன இந்த ஓட்டம்? யாரு செத்தா?"

"ஒருத்தரும் சாவல்ல. நான் சாவாம இருக்கத்தான் இந்த ஓட்டம்!" என்றேன், பின்னால் மூச்சிரைக்க வந்துகொண்டிருந்தவர் காதிலும் விழும்படி.