அக்கம்மாள் அணைத்த சூடம்

உளவாளிப் படம் எடுக்க வந்தவர்கள் கையில் கொஞ்சம் காசு இருந்திருந்தால் அக்கம்மாளுக்கு இந்தச் சோதனையே வந்திருக்காது. செட் போட வக்கில்லாமல் உத்தமபாளையம் பக்கம் எங்கள் தெருவுக்கு வந்து, அவளுடைய ஓட்டு வீட்டைப் பிடித்தார்கள். வெள்ளைக்கார அதிகாரி வேஷத்துக்குத் தேனியிலிருந்து சிவத்த ஜவுளிக்கடைக்காரர் ஒருவர். துப்பாக்கியெல்லாம் கட்டை. வீட்டுக்காரியாக நடிக்கவும் ஆளில்லை என்று, திராட்சைத் தோட்டத்து வேலைக்குக் கிளம்பிய அக்கம்மாளையே நிறுத்திவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரனான நான் வேடிக்கை பார்க்கப் போனேன்.

இரண்டாம் உலகப்போர்க் கதை. உளவாளியைப் பரணில் ஒளித்துவிட்டு, வாசலில் அதிகாரி முன்னால் சூடம் கொளுத்தி, "எம் வீட்டுல யாருமில்ல" என்று அவள் அதைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். அதுவரை சொன்னபடி கேட்டவள், சூடத்தைக் கண்டதும் மாட்டேன் என்றாள்.

"இது நடிப்புத்தானக்கா" என்றார் இயக்குநர் ஆல்பர்ட். அவரும் தேனிக்காரர்தான்.

"சூடம் நெசந்தான தம்பி? பொய்ச் சத்தியம் பெத்த பிள்ளையத்தான் அடிக்கும்."

புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம். ஒரே மகன் பாண்டியராஜன் பட்டாளத்தில், எல்லையில். அந்த வாரம் அங்கே சண்டை மூண்டிருந்தது. அவனிடமிருந்து போன் இல்லை. வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் அவள் அங்கே நின்றாள்.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. மறுநாளைக்குக் கேமரா கிடையாது. கெஞ்சிப் பார்த்த ஆல்பர்ட் குரலை உயர்த்தினார். "ஒத்துக்கிட்டு இப்ப மாட்டேன்னா எப்படிக்கா? இத்தன பேரு பொழப்பு." ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பது சரிதான். எனக்கு அவர் பல்லைப் பெயர்க்கலாம் போல இருந்தது.

அக்கம்மாள் யோசித்தாள். "பரண்ல இருக்க தம்பிய எறங்கி, தெருவத் தாண்டி நிக்கச் சொல்லுங்க. அப்ப நான் சொல்றது பொய்யில்ல."

உளவாளியாக நடித்த பையன் இறங்கிப் போய் எதிர்ச் சுவரோரம் நின்றான். அவள் உள்ளே போய்ப் பரணை எட்டிப் பார்த்தாள். பூனையைக்கூட வெளியே விரட்டினாள்.

கேமரா ஓடியது. ஜவுளிக்கடைக்காரர் கட்டைத் துப்பாக்கியை நீட்டினார். சூடம் எரிந்தது.

"எம் வீட்டுல..." என்றவள் நின்றுவிட்டாள். திறந்து கிடந்த கதவையே பார்த்தாள். சூடம் கரைந்துகொண்டே வந்தது. அது தானாக அவிந்தால் அபசகுனம் என்பார்கள்.

"யாருமில்லய்யா" என்று உள்ளங்கையால் அறைந்து அணைத்தாள். அப்படியே உட்கார்ந்து அழுதாள்.

"என்னமா நடிச்சீக அக்கா" என்றார் ஆல்பர்ட்.

"நான் எங்க தம்பி நடிச்சேன்?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு, சுவரோரம் நின்ற பையனைக் கூப்பிட்டாள். "ஏய்யா, இங்கன வா. உள்ள வந்து உக்காரு, சோறு போடுறேன்."

"வண்டிக்கு நேரமாச்சும்மா."

"எம் மகன் போன் போடுற வரைக்குமாச்சும் இருய்யா. ஆளில்லன்னு சத்தியம் பண்ணுன வீடு, அப்படியே கெடக்கக் கூடாது."

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். அவன் பின்னாலேயே நானும் போய் உட்கார்ந்தேன்.