சந்தேகத்தோடு போய் நின்றேன்

சென்ற ஐப்பசியில் என் வீட்டுக்காரருக்குக் குரல் கட்டிக்கொண்டது. மழைக்காலச் சளி என்று நினைத்தோம். சாலைக் கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் விற்பனையாளர் அவர். நாள் முழுக்கப் பேச வேண்டிய வேலை. ஒரு மாதமாகியும் சரியாகவில்லை. டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துத் தொண்டைக்குள் ஒரு கட்டி இருப்பதாகச் சொன்னார். கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரப் பத்து நாள்.

அப்பா காலத்தில் திருநெல்வேலியிலிருந்து திருவனந்தபுரம் வந்த குடும்பம் எங்களுடையது. எந்தக் கஷ்டம் வந்தாலும் பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தால் மனசு லேசாகிவிடும். அன்றைக்கும் தேங்காய் வாங்கிக்கொண்டு போய் நின்றேன். நான் சொல்வதைக் கேட்க உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று திடீரென்று ஒரு எண்ணம் வந்தது. உடைக்க முடியவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து சட்னி அரைத்தேன். கட்டியைவிட இதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் ஆபீஸில் டெலிபோன் ஆபரேட்டர் ரஜனி. பாலராமபுரத்துத் தமிழ்க்காரி, பேச்சில் பாதி மலையாளம் கலந்திருக்கும். பிறவியிலேயே பார்வை இல்லாதவள். வேலை பார்த்துக்கொண்டே எம்.ஏ. தத்துவம் எழுதிக்கொண்டிருந்தாள். பரீட்சையில் அவள் சொல்லச் சொல்ல விடையை எழுத, அந்தப் பாடம் படிக்காத ஒருவர் வேண்டும். மலையாளம் வேகமாக எழுதுவேன் என்பதால் என்னைக் கேட்டிருந்தாள். நானும் முன்பே சம்மதித்திருந்தேன். மதிய இடைவேளையில் எழுதிப் பழகினோம்.

ஒரு நாள் கடவுள் உண்டு என்பதற்கான வாதங்கள். குடம் இருந்தால் குயவன் இருக்க வேண்டும், அதுபோல உலகத்துக்கும் ஒருவன் இருக்க வேண்டும் என்றாள். சந்தோஷமாக எழுதினேன். அடுத்து மறுப்பு. குயவனைப் பார்த்திருக்கிறோம், உலகத்தைச் செய்தவனை யார் பார்த்தார்கள் என்றாள். என் கை நின்றுவிட்டது.

"என்ன அக்கா, பேனா சத்தத்தைக் காணோமே?"

"இதை என் கையால எழுத முடியல ரஜனி."

"மறுப்பு எழுதாம மார்க்கு கிட்டாது கேட்டோ."

நான் அழுதுவிட்டேன். கட்டி, தேங்காய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"எனக்கும் சில நாள் உண்டுன்னு தோணும், சில நாள் இல்லேன்னு தோணும்," என்றாள். "இதைப் படிச்சு ஆருக்கும் பக்தி வந்ததா நான் கேட்டதில்லே. ஆனா, விசுவாசம் உறைச்ச பிறகுதான் விளிக்கணும்னு ஆரு பறஞ்சா? சம்சயம் இருந்தா சம்சயத்தோட விளியுங்க." சந்தேகம் இருந்தால் அந்தச் சந்தேகத்தோடேயே சாமியைக் கூப்பிடச் சொன்னாள்.

பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம் மறுபடி பழவங்காடிக்குப் போனேன். தேங்காய் வாங்கவில்லை. "நீ இருக்கியான்னு எனக்குத் தெரியல. இருந்தா அவரைக் காப்பாத்து. என்ன வந்தாலும் தாங்கிக்க எனக்குத் தெம்பு குடு" என்று மட்டும் சொன்னேன். என் வாழ்நாளில் அவ்வளவு உண்மையாக நான் எதையும் வேண்டிக்கொண்டதில்லை. திரும்பி நடக்கும்போது நெஞ்சில் இருந்த இறுக்கம் தளர்ந்திருந்தது.

ரிப்போர்ட் வருவதும் மறுநாள்தான். "நீ பரீட்சைக்குப் போ கோமதி. நான் போய் வாங்கிக்கறேன்," என்று இவர் காற்றுக் குரலில் சொன்னார்.

பரீட்சையில் அந்தக் கடவுள் கேள்வியே வந்தது. குடம் எழுதினேன், குயவன் எழுதினேன். மறுப்பு வந்தபோதும் கை நிற்கவில்லை. கடைசியாக ரஜனி இன்னொரு வாதம் சொன்னாள். இல்லாமலும் போயிருக்கக்கூடிய எதுவும் தானாக நிற்பதில்லை, வேறொன்றைப் பிடித்துக்கொண்டே நிற்கிறது, ஆகவே எல்லாவற்றையும் தாங்க ஒன்று வேண்டும் என்று. அதற்கும் மறுப்பு உண்டு, அதையும் எழுதினேன். ஆனாலும் அந்த வரியை எழுதும்போது, என்னையும் ஏதோ ஒன்று தாங்கிப் பிடித்திருப்பது எனக்குத் தெரிந்தது.

வெளியே வந்தால் கல்லூரி வாசலில் இவர் நிற்கிறார். இனி பேசக் கூடாது என்று டாக்டர் அன்று காலை சொல்லியிருந்ததால் ரிப்போர்ட்டின் பின்பக்கம் எழுதிக் காட்டினார். "புற்று இல்லை. எடுத்துவிட்டால் போதும்." நான் சத்தமாகப் படித்தேன். ரஜனி என் தோளைத் தடவி இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு வாரம் இவர் வாயே திறக்கவில்லை. முதன்முதலாகப் பேசியது ஒரு காலை நேரம். "காப்பிக்குச் சர்க்கரை போடலியா?" என்றார். நான் டம்ளரை வாங்கிக்கொண்டு அடுக்களையில் போய் நின்று அழுதேன். ரஜனியும் நல்ல மார்க்கில் பாஸானாள்.

ரிப்போர்ட் வந்த அன்று அதே ஆஸ்பத்திரியில் வேறு முடிவு வந்தவர்களும் இருந்திருப்பார்கள். அவர்கள் வேண்டியது என்ன ஆயிற்று என்று ரஜனி கேட்டாள். இப்போது தினமும் அவர்களுக்காகவும் வேண்டிக்கொள்கிறேன். முன்பெல்லாம் என் வீட்டுக்கு மட்டும்தான் வேண்டுவேன்.

என்னைப் போல் சன்னிதியில் வாயடைத்து நிற்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், கேள்வி தீரட்டும், பிறகு வேண்டிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். அதையும் கூட்டிக்கொண்டு போங்கள். வாசலில் யாரும் தடுக்க மாட்டார்கள்.